ஆட்-இனை நீக்கிய பிறகும் எக்செல்லில் காலி செல் ஏன் காலியாக இல்லை?

எக்செல்லோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் நிரலான ஆட்-இன் தந்த தரவை வேல்யூவாக (ஃபார்முலா இல்லாமல் மதிப்பாக மட்டும்) ஒட்டிவிட்டு, ஆட்-இனையும் நீக்கிவிட்டீர்கள். ஆனாலும் வெறுமையாகத் தெரியும் செல்களை, காலியாக இல்லாதவற்றை எண்ணும் கவுன்ட்ஏ ஃபங்ஷன் எண்ணுகிறது, அவற்றோடு 1 கூட்டினால் வேல்யூ பிழை வருகிறது. இதுதானே சிக்கல்?

துடைக்கும் முன் பக்கத்துக் காலத்தில் (column), எழுத்துகளின் எண்ணிக்கையைச் சொல்லும் லென் ஃபங்ஷனைப் போட்டுப் பாருங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

லென் 0 என்று காட்டியும் கவுன்ட்ஏ எண்ணினால், உள்ளே இருப்பது வெற்றுச் சரம். விவரம் கிடைக்காத இடத்தில் ஆட்-இனின் ஃபார்முலா இரட்டை மேற்கோளுக்குள் ஒன்றுமில்லாமல் திருப்பித் தந்திருக்கும். அதை வேல்யூவாக ஒட்டும்போது ஃபார்முலா போய்விடும், நீளமே இல்லாத அந்த எழுத்துச்சரம் தங்கிவிடும். ஃபார்முலா பாரிலும் எதுவும் தெரியாது. 'கோ டு ஸ்பெஷல்' போய் 'பிளாங்க்ஸ்' கொடுத்தாலும் சிக்காது. வேடிக்கை என்னவென்றால், காலி செல்களை எண்ணும் கவுன்ட்பிளாங்க் இதே செல்லைக் காலி என்றுதான் எண்ணும்! அதனால் ஒரே ரேஞ்சுக்கு கவுன்ட்ஏ, கவுன்ட்பிளாங்க் இரண்டையும் போட்டுக் கூட்டிப் பாருங்கள். மொத்த செல்களைவிட எவ்வளவு கூடுதலாக வருகிறதோ, அத்தனை செல்களில் வெற்றுச் சரம் இருக்கிறது.

தீர்வு எளிது. அந்தக் காலத்தைத் தேர்ந்தெடுத்து, டேட்டா டேபில் 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' திறந்து, பிரிப்பான்கள் எதையும் டிக் செய்யாமல் ஃபினிஷ் கொடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு காலம்தான் முடியும். ஆனால் 00123 போன்ற குறியீடுகள் உள்ள காலத்தில் இதைச் செய்தால் முன்னால் உள்ள சுழியங்கள் பறந்துவிடும். அங்கே ஃபில்டரில் பிளாங்க்ஸை மட்டும் வைத்து, வந்த செல்களைத் தேர்ந்தெடுத்து டெலீட் அடிப்பதே பாதுகாப்பு.

லென் 1 அல்லது அதற்கு மேல் காட்டினால் யூனிகோட் ஃபங்ஷனில் அந்த எழுத்தின் குறியீட்டு எண்ணைப் பாருங்கள். 160 என்றால் இணையப் பக்கங்களிலிருந்து வரும் உடையா இடைவெளி. கூடுதல் இடைவெளிகளை நீக்கும் ட்ரிம் அதைத் தொடாது. சப்ஸ்டிடியூட்டில் யூனிசார் 160 கொடுத்து மாற்ற வேண்டும். 8203 என்றால் அகலமே இல்லாத இடைவெளி, அதற்கும் இதே வைத்தியம்தான்.

செல்லில் தெரியாதது ஃபார்முலா பாரில் தெரிந்தால், நம்பர் ஃபார்மட்டில் மூன்று அரைப்புள்ளி இருக்கிறதா, எழுத்து வெள்ளை நிறத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். டெலீட் விசை உள்ளடக்கத்தை மட்டுமே எடுக்கும், வடிவமைப்பு அப்படியே இருக்கும். கிளியர் ஆல் கொடுங்கள்.

செல்கள் சுத்தமான பிறகும் ஃபைல் பழைய இணைப்பைத் தேடினால், மிச்சம் செல்லுக்கு வெளியே இருக்கலாம். ஆட்-இன் உருவாக்கும் மறைந்த பெயர்கள் நேம் மேனேஜரில் தெரியாது. எக்செல்லின் நிரல் மொழியான விபிஏவில் அவற்றின் விசிபிளை ட்ரூ ஆக்கினால்தான் தென்படும். அங்கே ஃபில்டர்டேட்டாபேஸ் என்று முடியும் பெயரைக் கண்டால் விட்டுவிடுங்கள், அது எக்செல் தன் ஃபில்டருக்காக வைத்துக்கொள்வது. 'இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்' வசதியும் மறைந்தவற்றைக் காட்டும். அது நீக்கியதை எல்லா நேரமும் மீட்க முடியாது, நகலில் மட்டும் ஓட்டுங்கள்.