உங்கள் ஸ்கேன் ரிப்போர்ட் முதலில் உங்களுக்குத்தான் சொந்தம்

கோபிசெட்டிபாளையம் பக்கத்துக் கிராமத்திலிருந்து 26 வயதுப் பெண் ஒருவர் கேட்கிறார்:

“இது எனக்கு முதல் கர்ப்பம். 21 வாரம் முடிந்த அன்று ஸ்கேன் எடுத்தோம். எல்லாம் நல்லா இருக்கு என்றுதான் என்னிடம் சொன்னார்கள். 11 நாள் கழித்து மாமியாரின் பீரோவில் சேலைக்கு அடியில் ரிப்போர்ட் கிடைத்தது. குழந்தையின் முதுகுத்தண்டு சரியாக மூடவில்லை என்று அதில் போட்டிருக்கிறது. டாக்டர் அன்றைக்கே என் கணவரிடமும் மாமியாரிடமும் சொல்லிவிட்டாராம். நான் தாங்க மாட்டேன் என்று மறைத்துவிட்டார்களாம். காலம் கடந்துவிட்டதா? கலைப்பது என்றால் கணவர் கையெழுத்து வேண்டுமா? என்னிடம் சொல்லாமல் விட்டது சரியா?”

காலம் கடந்துவிடவில்லை அம்மிணி. ஆனால் தள்ளிப்போடவும் நேரமில்லை. இன்று உங்களுக்கு 22 வாரம் 4 நாள். 24 வாரத்துக்கு இன்னும் 10 நாள் இருக்கிறது. கணக்கில் சந்தேகம் இருந்தால் முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேனை எடுத்துப் பாருங்கள். கர்ப்பத்தின் வயதைச் சொல்வதில் அதுதான் நம்பகமானது. அந்த ரிப்போர்ட்டையும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கருக்கலைப்புச் சட்டம் 1971-இல் வந்தது. 2021-இல் திருத்தினார்கள். 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20-லிருந்து 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். விதிகளில் சொல்லியிருக்கும் பிரிவுகளில் வருபவர்களுக்குத்தான் இந்த 24 வார வரம்பு. குழந்தைக்குக் கடுமையான பிறவிக் குறை இருப்பது அந்தப் பிரிவுகளில் ஒன்று. 24 வாரத்தைத் தாண்டினாலும் கதவு சாத்திவிடவில்லை. மகப்பேறு மருத்துவர், குழந்தை மருத்துவர், ஸ்கேன் நிபுணர் எல்லாரும் இருக்கும் மருத்துவ வாரியம், குறை கடுமையானது என்று உறுதி செய்தால் அதற்குப் பிறகும் சட்டம் அனுமதிக்கிறது. விண்ணப்பித்த 3 நாளுக்குள் வாரியம் கருத்துச் சொல்ல வேண்டும். ஆனால் வாரியம் வரை போகாமல் 24 வாரத்துக்குள் முடிவெடுக்க முடிந்தால் உங்களுக்கு அலைச்சல் குறைவு. ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். இது நீங்கள் கேட்டதும் கிடைத்துவிடும் உரிமை இல்லை. ரிப்போர்ட்டைப் பார்த்து மருத்துவர்கள் நல்லெண்ணத்தோடு ஒரு முடிவுக்கு வர வேண்டும்.

கையெழுத்து விஷயத்துக்கு வருவோம். உங்களுக்கு 18 வயது நிறைந்துவிட்டது, மனநலமும் நன்றாக இருக்கிறது. சட்டம் கேட்பது உங்கள் சம்மதம் ஒன்றைத்தான். கணவர், மாமியார், அப்பா, யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. திருமணம் ஆனவர், ஆகாதவர் என்று பிரித்துப் பார்க்கக் கூடாது என்று 2022 செப்டம்பர் 29 அன்று சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. அப்படியும் பல ஆஸ்பத்திரிகளில் “வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க” என்பார்கள். கருத்தடை ஆபரேஷன் மாதிரி, பிள்ளைப்பேறே இல்லாமல் போகக்கூடிய ஆபரேஷனுக்குக் கணவன், மனைவி இருவர் சம்மதமும் வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுங்குமுறையில் ஒரு வரி இருக்கிறது. அந்த வழக்கத்தை இதிலும் கொண்டுவந்து ஒட்டிவிடுகிறார்கள். “சம்மதப் படிவம் சி-யில் யார் கையெழுத்து வேண்டும் என்று போட்டிருக்கிறது, காட்டுங்க” என்று பணிவாகக் கேளுங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதையும் அதே அழுத்தத்தோடு சொல்கிறேன். குழந்தையைப் பெற்றுக்கொள்வது என்று நீங்கள் முடிவெடுத்தால் யாரும் உங்களைக் கலைக்க வைக்க முடியாது. பெண்ணின் சம்மதம் இல்லாமல் கருவைக் கலைப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற இப்போதைய தண்டனைச் சட்டத்தின் 89-ஆவது பிரிவின்படி ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய குற்றம்.

முடிவுக்கு வருவதற்கு முன் குறை எவ்வளவு என்பது தெரிய வேண்டும். முதுகுத்தண்டு மூடாமல் போவதில் நிறைய வித்தியாசம் இருக்கிறது. இடுப்புக்குக் கீழே சின்னதாக இருந்தால் பிறந்தபின் ஆபரேஷன் செய்து, பிடிமானத்தோடோ அது இல்லாமலோ நடக்கும் குழந்தைகள் உண்டு. மேலே போகப்போகக் கால்களின் பலம் குறையும். சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போகலாம். மூளையில் நீர் தேங்கினால் அதை வடிக்கக் குழாய் வைக்க வேண்டியிருக்கும். அதனால் உங்கள் ரிப்போர்ட்டில் எந்த எலும்பில் தொடங்கி எதுவரை என்று போட்டிருக்கிறது (எல்-4, எஸ்-1 என்று இருக்கும்), மூளை அறைகள் வீங்கியிருக்கிறதா, கால்கள் அசைகிறதா, பாதம் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த நான்கையும் கருவின் ஸ்கேனில் அனுபவமுள்ள ஒருவரிடம் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு குழந்தை அறுவை நிபுணரிடமோ நரம்பு அறுவை நிபுணரிடமோ அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, பெருந்துறையில் இருக்கும் ஈரோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய் மகப்பேறு பிரிவில் எல்லா ரிப்போர்ட்டையும் காட்டினால், அடுத்து யாரைப் பார்க்க வேண்டும் என்று அங்கேயே சொல்வார்கள். நாளைக்கே போங்கள்.

மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மாத்திரை மூலம் கலைப்பதற்கு விதி அனுமதிப்பது 9 வாரம் வரைதான். இந்த மாதத்தில் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, ரத்தம் ஏற்ற வசதியும் நிபுணரும் பக்கத்தில் இருக்கச் செய்ய வேண்டிய சிகிச்சை இது. யார் என்ன செய்துகொண்டார் என்று வெளியே சொல்வதும் குற்றம். கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் அடையாளத்தைச் சட்டப்படி உரிமையில்லாதவரிடம் சொல்லும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை என்று 2021 திருத்தம் சொல்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் நாலு சொந்தக்காரரைப் பார்க்காமல் போக முடியாத நம் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. சொல்லாமல் விட்டது தவறு. இப்படி நடப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் வயிற்றில் இருக்கும் ஜெல்லைத் துடைத்துக்கொண்டிருப்பார். அதற்குள் மாமியார் கதவோரம் வந்து, “டாக்டரம்மா, புள்ளைகிட்டச் சொல்லிப்போடாதீங்க, தாங்க மாட்டாளுங்க” என்று கையைப் பிடித்துக்கொள்வார். பெரும்பாலும் அது அன்பில்தான் வருகிறது. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் அந்தக் கையை விலக்கிவிட்டு, உள்ளே போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டியது மருத்துவரின் வேலை. நோயின் தீவிரத்தைக் கூட்டியோ குறைத்தோ சொல்லக் கூடாது என்று அதே 2002 ஒழுங்குமுறை சொல்கிறது. “நோயாளியோ உறவினரோ” தெரிந்திருக்க வேண்டும் என்றும் அதில் வருவதால், சில மருத்துவர்கள் உறவினரிடம் சொன்னால் போதும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 2008-இல் சுப்ரீம் கோர்ட் சமிரா கோலி வழக்கில் இதைத் தெளிவாக்கிவிட்டது. 44 வயதுப் பெண் மயக்கத்தில் இருந்தபோது அம்மாவிடம் கேட்டுக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். வயது வந்தவர், சுயபுத்தி உள்ளவர், உயிருக்கு அவசரமும் இல்லை. அப்படியிருக்க அம்மாவின் சம்மதம் செல்லாது என்றது கோர்ட். விவரம் தெரியாமல் கொடுப்பது சம்மதமே ஆகாது என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. உங்கள் விஷயத்தில் 11 நாள் பறிபோனது. 24 வார வரம்புக்கு முன்னால் அது எவ்வளவு பெரிய இழப்பு என்று அந்த மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

“ஸ்கேனில் என்ன இருக்குன்னு சொல்லக் கூடாதுன்னு சட்டமே இருக்கு” என்று யாராவது சமாளிக்கலாம். 1994-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லக் கூடாது என்பது குழந்தை ஆணா பெண்ணா என்பதை மட்டும்தான். குறையைச் சொல்வதற்கு அதில் எந்தத் தடையும் இல்லை.

உங்கள் மருத்துவக் குறிப்புகளின் நகலை எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். புகார் கொடுக்க நினைத்தால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இருக்கிறது. வக்கீல் உதவி வேண்டுமென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை 15100-இல் கூப்பிடுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசம். ஆனால் புகாருக்கு அவசரமில்லை, அடுத்த மாதம்கூடக் கொடுக்கலாம்.

கிரகணத்தில் வெளியே வந்தாய், அதைத் தின்றாய் இதைத் தின்றாய் என்று பேச்சு வரும். அதில் ஒன்றும் காரணம் இல்லை. கரு உண்டான முதல் 4 வாரத்துக்குள், பல பெண்களுக்குக் கர்ப்பம் என்றே தெரிவதற்கு முன்னால், முதுகுத்தண்டு மூடிவிட வேண்டும். சில கருக்களில் மூடுவதில்லை. அடுத்த குழந்தைக்கு ஆபத்தைப் பெருமளவு குறைக்க ஃபோலிக் அமில மாத்திரை இருக்கிறது. வழக்கமான 400 மைக்ரோகிராம் உங்களுக்குப் போதாது. 4 முதல் 5 மில்லிகிராம் வேண்டும். கர்ப்பத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே, முடிந்தால் மூன்று மாதம் முன்பே தொடங்கி 12 வாரம் வரை சாப்பிட வேண்டும். மருத்துவரிடம் சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.