சாவர்கிராவுட்: ரத்த அழுத்தம் இருந்தால் எவ்வளவு சாப்பிடலாம்?

கேள்வி: ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் வசிக்கிறேன். வயது 52. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5 மி.கி. சாப்பிட்டும் 148/92 காட்டுகிறது. குடலுக்கு நல்லது என்று சொன்னதால் டப்பா சாவர்கிராவுட்டை (உப்பிட்டுப் புளிக்கவைத்த முட்டைக்கோஸ்) தினமும் ஒரு கிண்ணம் சூடாக்கிச் சாப்பிடுகிறேன். வயிறு உப்பிக்கொள்கிறது. நிறுத்திவிடலாமா? வீட்டிலேயே போடுவது நல்லதா? என் கணவர் ரத்தம் உறையாமல் தடுக்கும் மார்குமார் மாத்திரை எடுக்கிறார். அவரும் சாப்பிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம், அளவையும் சாப்பிடும் முறையையும் மாற்றுங்கள். ரத்த அழுத்தம் இன்னும் கட்டுக்குள் வராததால் உப்புக் கணக்கிலிருந்து தொடங்குவோம். ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு சேர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சாவர்கிராவுட் டப்பாவின் பின்புறம் ஊட்டச்சத்துப் பட்டியலின் கடைசியில் ‘ஸால்ஸ்’ (உப்பு) என்ற வரி இருக்கும். 100 கிராமுக்குப் பெரும்பாலும் 1 முதல் 2 கிராம் வரை போட்டிருப்பார்கள். 1.5 கிராம் என்றே வைத்துக்கொண்டாலும், நீங்கள் சாப்பிடும் ஒரு கிண்ணம், அதாவது சுமார் 150 கிராம், 2 கிராமுக்கு மேல் உப்பைத் தந்துவிடுகிறது. சாம்பார், ரசம், ரொட்டி எல்லாம் அதற்கு மேல்தான். ஜெர்மன் ரொட்டியிலும் உப்பு குறைவில்லை.

அடுத்தது, குடலுக்கு நல்லது என்ற பேச்சு. முட்டைக்கோஸும் உப்பும் சேர்ந்து புளிக்கும்போது லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. அந்த நுண்ணுயிர்கள் உயிரோடு வேண்டுமென்றால், சூடுபடுத்தாத சரக்கைத்தான் வாங்க வேண்டும். டப்பா, கண்ணாடிக் குடுவை, பை ஆகியவற்றில் அலமாரியில் சாதாரண வெப்பநிலையில் அடுக்கியிருப்பவை ஏறக்குறைய எல்லாமே பாஸ்டரைஸ் செய்தவை, அதாவது சூடாக்கிக் கிருமிகளை அழித்தவை. அவற்றில் நார்ச்சத்து உண்டு, உயிருள்ள பாக்டீரியா கிடையாது. குளிர்ப்பெட்டிப் பகுதியில் ‘நிஷ்ட் பாஸ்டரிசியர்ட்’ (பாஸ்டரைஸ் செய்யாதது) என்று எழுதியிருப்பதைத் தேடுங்கள். இல்லையேல் வாரச்சந்தையில் பீப்பாயிலிருந்து எடுத்துத் தருவதை வாங்குங்கள். உங்கள் ஊருக்குத் தெற்கே ஃபில்டர் சமவெளியில் விளையும் கூம்பு வடிவ முட்டைக்கோஸில் போட்டது இதழ் மெல்லியதாக, மென்மையாக இருக்கும். வினிகரில் போட்ட வெள்ளரி ஊறுகாயை இதோடு சேர்க்காதீர்கள். அதன் புளிப்பு வினிகரிலிருந்து வருவது, நொதிக்க வைத்ததால் வந்ததல்ல.

இந்த வித்தியாசம் புரிந்தால் சமையலும் எளிது. பச்சையாகச் சாப்பிடுவதைக் கழுவாமல், 2 மேஜைக்கரண்டி அளவோடு நிறுத்துங்கள். அதில் ஏறக்குறைய அரை கிராம் உப்புதான் வரும். சமைப்பதற்கு டப்பா சரக்கே போதும். அதைக் குளிர்ந்த நீரில் அலசி, சல்லடையில் வடித்து, கையால் பிழிந்துவிடுங்கள். வைட்டமின் சி-யும் புளிப்பும் கொஞ்சம் போகும், ஆனால் உப்பு நன்றாகக் குறையும். உங்கள் நிலையில் அதுதான் லாபம். 500 கிராமுக்கு ஒரு வெங்காயத்தை எண்ணெயில் வதக்கி, லோர்பேர் இலை (பே லீஃப்) 1, ஜூனிபர் பழம் 3, கேரவே விதை அரை தேக்கரண்டி, 150 மி.லி. ஆப்பிள் சாறு சேர்த்து, சிறுதீயில் 30 நிமிடம் மூடி வேக வையுங்கள். கேரவே கடையில் ‘க்யூமல்’ என்று இருக்கும். நம் சீரகத்தின் பெயர் ‘க்ரொய்ஸ்க்யூமல்’, மாற்றி எடுத்துவிடாதீர்கள். உப்பு போடவே வேண்டாம். அலுமினியப் பாத்திரமும் வேண்டாம், அமிலம் அதை அரிக்கும். கூடவே காஸ்லர் (உப்பிட்டுப் புகைபோட்ட பன்றியிறைச்சி), தொத்திறைச்சி வைத்தால் அலசிக் குறைத்த உப்பு முழுவதும் திரும்ப வந்துவிடும்.

வயிறு உப்புவதற்குக் காரணம், முட்டைக்கோஸில் ஜீரணமாகாத சர்க்கரைகளும், நொதிக்கும்போது உருவாகும் மானிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலும். பெருங்குடல் பாக்டீரியாக்கள் அவற்றைப் பிடித்து வாயுவாக மாற்றுகின்றன. ஒரு வாரம் விட்டுவிட்டு, தினம் ஒரு மேஜைக்கரண்டியில் தொடங்குங்கள். அப்போதும் வயிறு உப்பிக்கொண்டால் உங்கள் குடலுக்கு இது ஒத்துவரவில்லை, விட்டுவிடலாம். தயிர் இருக்கிறது. சாப்பிட்டதும் முகம் சிவந்து, தலைவலி வந்தால் இதிலுள்ள, ஒவ்வாமை போன்ற அறிகுறிகளைத் தரும் ஹிஸ்டமின் என்ற பொருளைச் சந்தேகியுங்கள்.

வீட்டில் தாராளமாகப் போடலாம். மெல்லியதாக நறுக்கிய முட்டைக்கோஸ் 1 கிலோவுக்கு 20 கிராம் உப்பு, தராசில் நிறுத்துப் போடுங்கள். ரத்த அழுத்தத்தை நினைத்து உப்பைக் குறைக்கும் இடம் இதுவல்ல. 15 கிராமுக்குக் கீழே போனால் கோஸ் கொழகொழவென்று ஆகும், வேண்டாத கிருமிகள் முந்திக்கொள்ளும். சாறு விடும்வரை பிசைந்து, குடுவையில் அழுத்தி அடைத்து, மேலே ஒரு எடை வையுங்கள். கோஸ் முழுவதும் நீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். மறுநாளும் சாறு போதவில்லை என்றால், ஆறவைத்த கொதிநீர் லிட்டருக்கு 20 கிராம் உப்பு கலந்து ஊற்றுங்கள். முதல் வாரம் தினமும் மூடியைத் தளர்த்தி வாயுவை வெளியேற்றுங்கள். 18 முதல் 22 டிகிரியில் 3 முதல் 6 வாரம் வைத்துவிட்டு, பிறகு ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள். மேலே தட்டையாக வெள்ளைப் படலம் வந்தால் அது ஒருவகை ஈஸ்ட், வழித்து எடுத்தால் போதும். பஞ்சுபோல எழும்பிய பூஞ்சையோ, கறுப்பு, பச்சை, இளஞ்சிவப்பு நிறமோ, அழுகல் நாற்றமோ இருந்தால் குடுவை முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

உங்கள் கணவர் சாப்பிடலாம். மார்குமார், வைட்டமின் கே-யை எதிர்த்து வேலை செய்யும் மருந்து. சாவர்கிராவுட்டில் அந்த வைட்டமின் பசலைக்கீரையைவிட மிகவும் குறைவு. வாரத்துக்கு வாரம் அளவு ஏறி இறங்காமல் ஒரே சீராக இருக்கட்டும். தினசரி சாப்பிடத் தொடங்கினால் அடுத்த ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும்) பரிசோதனையின்போது மருத்துவரிடம் சொல்லிவிடச் சொல்லுங்கள். உங்கள் 148/92 எண்ணையும் அதே மருத்துவரிடம் காட்டுங்கள். உப்பைக் குறைத்த பிறகும் இரண்டு, மூன்று வாரத்தில் இறங்கவில்லை என்றால் மாத்திரையை மாற்றவோ கூட்டவோ வேண்டியிருக்கும்.