கேள்வி பதில்: நாசிலை எங்கே வைப்பது?

கேள்வி: டர்போ, சூப்பர்சார்ஜர் எதுவும் இல்லாத டிராக் ரேஸ் (நேர்கோட்டில் குறுகிய தூரம் ஓடும் பந்தயம்) இன்ஜின்களில் சிலர் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் நாசிலை வால்வுக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். சிலர் காற்று நுழையும் குழாய் வாய்க்கு மேலே தொங்கவிடுகிறார்கள். எது சரி சார்?

பதில்: இரண்டும் சரிதான், ஆனால் ஒரே வேலைக்கு அல்ல. ரோட்டில் ஓடும் வண்டியில் நாசில் இன்டேக் வால்வின் முதுகைப் பார்த்தபடி இருக்கும். பெட்ரோல் சூடான வால்வில் பட்டு ஆவியாகும், ஆக்சிலரேட்டரைத் தொட்டவுடன் வண்டி பதில் சொல்லும், புகையும் கட்டுக்குள் இருக்கும். கால் மைல், அதாவது 402 மீட்டரை முழு ஆக்சிலரேட்டரில் ஓடி முடிக்கிறவனுக்கு இதில் பாதி தேவையே இல்லை. ஒவ்வொரு உறிஞ்சலிலும் எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்பதுதான் அவனுக்குக் கணக்கு. காற்றைத் திணிக்க டர்போ இல்லாததால், வருகிற காற்றைக் குளிரவைத்து அடர்த்தியாக்குவது மிச்சமிருக்கும் வழிகளில் ஒன்று.

அமெரிக்காவில் டிராக் ரேஸ் நடத்தும் என்.எச்.ஆர்.ஏ. சங்கத்தின் புரோ ஸ்டாக் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். 500 கன அங்குலம், சுமார் 8.2 லிட்டர் இன்ஜின், 2015 முடியும் வரை தலையில் இரண்டு கார்ப்ரேட்டர். 2016-இல்தான் எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் கட்டாயமானது, கூடவே 10,500 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வரம்பும் வந்தது. உலகமே இன்ஜெக்‌ஷனுக்குப் போன பிறகும் கார்ப்ரேட்டரை வைத்துக்கொண்டு இவர்கள் ஒன்றும் கஷ்டப்படவில்லை, ஏனென்றால் கார்ப்ரேட்டர் வால்விலிருந்து வெகு தூரத்தில் உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து இறங்கும் பெட்ரோல் வழி நெடுக ஆவியாகிக்கொண்டே வரும், அதற்கு வேண்டிய சூட்டைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குப் பன்னிரண்டரை பங்கு காற்று என்று வைத்தால், பெட்ரோல் முழுவதும் காற்றின் சூட்டிலேயே ஆவியானால் சுமார் 28 டிகிரி குளிர வேண்டும். நிஜத்தில் அவ்வளவு வராது, ஆனால் 10 டிகிரி கிடைத்தாலே அடர்த்தி 3 சதவீதம் ஏறும். கார்ப்ரேட்டரைக் கழற்றிவிட்டு வால்வு ஓரத்தில் இன்ஜெக்டர் போட்டவர்கள் சிலர் உச்சியில் குதிரைச் சக்தி குறைந்துவிட்டதே என்று தலையைச் சொறிந்ததற்கு இதுதான் காரணம்.

நேரத்தையும் பாருங்கள். 10,500 ஆர்.பி.எம்.மில் ஒரு முழுச் சுற்று, அதாவது கிராங்க் இரண்டு தடவை சுற்ற ஆவது 11.4 மில்லி செகண்ட். பிஸ்டன் கீழே இறங்கும் உறிஞ்சல் அதில் மூன்று மில்லி செகண்ட் கூட இல்லை. வால்வு ஓரத்தில் தெளித்த பெட்ரோல் கலக்க அது எந்த மூலைக்குப் போதும்? ஒரு சாண் மேலே ஏற்றினாலே கலப்பதற்கு வழி நீள்கிறது.

கேள்வி: என் பைக் இன்ஜினில் நாசிலை டிரம்பெட்டுக்கு, அதாவது காற்று நுழையும் குழாய் வாய்க்கு, மேலே ஏற்றிவிட்டேன். மேல் ஆர்.பி.எம்.மில் நன்றாக இழுக்கிறது, கீழே இருமுகிறது, ஸ்டார்ட் லைனிலேயே தடுமாறுகிறது.

பதில்: இருமத்தான் செய்யும். வால்வைத் திறக்கும் கேம் பெரிதாக இருந்தால் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு வால்வும் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரம் அதிகம், கீழ் ஆர்.பி.எம்.மில் அந்த நேரத்தில் காற்று பின்னோக்கித் தள்ளும். பெட்ரோல் டிரம்பெட் வாய்க்கு மேலே மூடுபனி மாதிரி நிற்கும். காற்றின் வேகமும் குறைவு என்பதால் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், நீங்கள் திடீரென்று முறுக்கும்போது காற்று முதலில் வந்துவிடும், பெட்ரோல் பின்னால் ஆடி அசைந்து வரும். சிலிண்டருக்கு இரண்டு இன்ஜெக்டர் போடுங்கள். கீழே ஒன்று எப்போதும், மேலே ஒன்று ஆர்.பி.எம். ஏறியபின். 2003 ஹோண்டா சி.பி.ஆர். 600 ஆர்.ஆரிலேயே கம்பெனி இதைச் செய்து கொடுத்தது, நீங்கள் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம்.

ஒன்று மறக்க வேண்டாம், அந்த மூடுபனி நிற்கிற நேரத்தில் இன்ஜின் ஒரு பேக்ஃபயர் விட்டால், அதாவது தீ குழாய் வழியே பின்னோக்கி வந்தால், ஏர்பாக்ஸே பற்றிக்கொள்ளும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் ஸ்டார்ட் பண்ணாதீர்கள்.

கேள்வி: மெத்தனாலுக்கும் இதே கணக்குதானா?

பதில்: இல்லை, இங்கே கதையே வேறு. மெத்தனால் ஆவியாக பெட்ரோலைப் போல மூன்று மடங்கு சூடு கேட்கும். அளவும் இரண்டு மடங்குக்கு மேல் ஊற்ற வேண்டும். எனவே குளிர்ச்சிக்குப் பஞ்சமில்லை, ஓடுகிற இன்ஜினின் குழாய் வெளியே வேர்த்து ஊற்றும், சில சமயம் வெள்ளையாக உறைபனியே படியும். ஆனால் ஆவிக்கும் இடம் வேண்டுமே. எடையில் ஐந்து பங்கு காற்றுக்கு ஒரு பங்கு மெத்தனால் முழுவதும் குழாயிலேயே ஆவியானால், காற்றின் அளவில் 18 சதவீதம் அளவுக்கு அதுவே இடம் பிடிக்கும். பெட்ரோலில் இது இரண்டு சதவீதச் சொச்சம்தான். அதனால் நான் சொல்வது, கொஞ்சத்தை மேலே தெளியுங்கள், மிச்சம் திரவமாகவே வால்வைத் தாண்டி சிலிண்டருக்குள் போய் ஆவியாகட்டும். எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்பதை இன்ஜினை நிறுத்தி வைத்துச் சக்தியை அளக்கும் உங்கள் டைனோதான் சொல்ல வேண்டும், நான் இங்கே உட்கார்ந்து சொன்னால் அது ஜோசியம்.

கேள்வி: பழைய ஹில்போர்ன் மெக்கானிக்கல் இன்ஜெக்‌ஷனில் நாசில் பட்டர்ஃபிளைக்கு (ஆக்சிலரேட்டரோடு திறந்து மூடும் காற்றுத் தகடு) கீழேதானே இருக்கும்?

பதில்: பெரும்பாலும் ஆமாம். அது விட்டு விட்டுத் தெளிப்பதில்லை, இடைவிடாமல் ஒழுகிக்கொண்டே இருக்கும். பட்டர்ஃபிளை மூடியிருக்கும்போது கீழே வெற்றிடம் இழுக்கும், லைனில் உள்ளதையெல்லாம் உறிஞ்சிவிடாமல் இருக்கத்தான் நாசிலில் சின்னக் காற்றுத் துளை விட்டிருக்கிறார்கள். அதில் தூசி அடைத்தால் ஐடில் கெடும். நாசிலை இடம் மாற்றுவதற்கு முன்னால் அதை ஊதிப் பாருங்கள்.

கேள்வி: எட்டு சிலிண்டருக்கும் ஒரே உயரம் போதுமா?

பதில்: ஆரம்பத்துக்குப் போதும். அப்புறம் பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள். எல்லா சிலிண்டருக்கும் பொதுவான பிளீனம் (காற்று அறை) என்றால், வண்டி சீறிக் கிளம்பும்போது ஆவியாகாத பெட்ரோல் பின்பக்கம் ஓடி, பின் சிலிண்டர்கள் ஈரமாகவும் முன்னவை காய்ந்தும் இருக்கும். டைனோவில் இது தெரியவே தெரியாது, டைனோ நகராதே.