எண்ணைப் பார்த்தீர்கள், எழுத்தைப் பார்த்தீர்களா?

இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை முதன்முதலாகச் சொந்தக் கையால் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறவர்களின் கடிதங்கள். மூன்று பக்கக் கடிதங்களை மூன்று வரியாக்கியிருக்கிறேன். விற்றவர்களைப் பற்றிய வசவுகளையும் வெட்டிவிட்டேன். சில கடிதங்களில் அவை நியாயமாகத்தான் இருந்தன.

கேள்வி: எல்லாவற்றையும் மாட்டிவிட்டேன். ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, டிஸ்ப்ளே மட்டும் வரவில்லை. பிராசஸர் இன்டெல் ஐ5-12400எஃப். கிராபிக்ஸ் கார்டை அடுத்த வருடம் வாங்கலாம் என்று விட்டிருக்கிறேன். கடைக்காரர் பழுதான மதர்போர்டைத் தலையில் கட்டிவிட்டாரா?

பதில்: போர்டின் மேல் பழி போடாதீர்கள். பிராசஸர் பெயரின் கடைசியில் ஒரு 'எஃப்' ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதுதான் ஆள். இன்டெலில் எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ், அதாவது திரைக்குப் படம் தரும் பகுதி, கிடையாது என்று அர்த்தம். மதர்போர்டில் எச்.டி.எம்.ஐ துளை இருக்கும், கேபிளும் அழகாகப் பொருந்தும், படம் மட்டும் வராது. எஃப் இல்லாத வெறும் 12400இல் கிராபிக்ஸ் உண்டு. கார்டு வாங்கப்போகிறவருக்கு எஃப் ஒரு சிக்கனம். உங்களுக்கு அது ஒரு வருடக் காத்திருப்பு.

இன்டெலின் போட்டி நிறுவனமான ஏ.எம்.டி பக்கம் இன்னும் குழப்பம். ரைசன் 5 5600இல் எந்த எழுத்தும் இல்லை, கிராபிக்ஸும் இல்லை, 5600ஜியில் உண்டு. அடுத்த தலைமுறை 7600இல் எழுத்து இல்லாமலே கிராபிக்ஸ் உண்டு, 7500எஃப்பில் கிடையாது. மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். தரமாட்டார்கள் என்றால், யாராவது கழற்றிப் போட்ட பழைய கார்டு ஒன்றை இரவல் வாங்கி மாட்டுங்கள். படம் வந்துவிடும். கடைக்காரர் மேலுள்ள கோபமும் போய்விடும்.

கேள்வி: ஃபைல்களைச் சேமிக்க 1 டிபி, அதாவது 1000 ஜிபி, எஸ்.எஸ்.டி வாங்கினேன். விண்டோஸில் 931 ஜிபி என்றுதான் காட்டுகிறது. மீதியை யார் எடுத்தது?

பதில்: யாரும் எடுக்கவில்லை. தயாரித்தவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024, 1024ஆக எண்ணுகிறது.

கேள்வி: கல்லூரியில் முதலாண்டு படிக்கிறேன். புரோகிராமிங், கொஞ்சம் வீடியோ எடிட்டிங், எப்போதாவது விளையாட்டு. அப்பா கொடுத்த தொகைக்கு மேல் ஒரு காசு புரளாது. எங்கே குறைக்கலாம், எங்கே கை வைக்கக்கூடாது?

பதில்: கிராபிக்ஸ் கார்டு இப்போது வேண்டாம், தம்பி. 5600ஜி மாதிரி கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும் பிராசஸரில் தொடங்குங்கள். 6 கோர் (வேலை செய்யும் மூளைகள்), 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்). கூலரும் அதே பெட்டியில் வரும். தனிக் கூலர், தண்ணீர்க் குழாய்க் கூலர் எல்லாம் உங்கள் வேலைக்குத் தேவையில்லை. மதர்போர்டில் ராமுக்கு நாலு ஸ்லாட்டும் எஸ்.எஸ்.டிக்கு ஒரு எம்.2 ஸ்லாட்டும் இருந்தால் போதும். அதற்கு மேல் தகரக் கவசம், டிராகன் படம் போட்ட போர்டுக்கெல்லாம் காசு கொடுக்காதீர்கள்.

கை வைக்கக்கூடாதவை இரண்டு: எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ், எஸ்.எஸ்.டி. ஒன்று போனால் மற்ற பாகங்களையும் கூட்டிக்கொண்டு போகும். இன்னொன்று போனால் நீங்கள் எழுதியதெல்லாம் போகும்.

ஒரு கணக்கை மட்டும் போட்டுவிட்டு முடிவெடுங்கள். 5600ஜி உட்காரும் ஏ.எம்.4 சாக்கெட் 2016இல் வந்தது. அதில் இனி மேலே ஏற அதிகப் படிகள் இல்லை. 2022இல் வந்த ஏ.எம்.5இல் நாளைக்குப் பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அதற்கு டிடிஆர்5 என்ற புது வகை ராம் கட்டாயம். பிராசஸர் விலையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. பிராசஸர், போர்டு, ராம் மூன்றையும் கூட்டி ஒப்பிடுங்கள்.

கேள்வி: மூன்று மாதம் சேர்த்துவைத்த பணத்தில் ஜிடி 1030 கார்டு வாங்கினேன். விளம்பரப் பக்கத்தின் விவரத்தில் மெமரி ஜிடிடிஆர்5 என்றுதான் இருந்தது. வந்த பெட்டியின் ஓரத்தில் சின்னதாக டிடிஆர்4 என்று இருக்கிறது. "பெயர் ஒன்றுதானே, அதே கார்டுதான்" என்கிறார் விற்றவர். உண்மையா?

பதில்: பெயர் ஒன்றுதான். கார்டு அதே கார்டு இல்லை. நீங்கள் முட்டாள் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தின் வெட்டிய பகுதியில் அந்த வார்த்தையை நீங்களே உங்களுக்கு நாலு தடவை போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

ஜிடி 1030 முதலில் 2017இல் ஜிடிடிஆர்5 மெமரியோடு வந்தது. மறு வருடம் அதே பெயரில் டிடிஆர்4 மெமரியோடு இன்னொன்று வந்தது. முதல் கார்டின் மெமரி நொடிக்குச் சுமார் 48 ஜிபி தரவை நகர்த்தும். இரண்டாவது சுமார் 17. மூன்றில் ஒரு பங்கு சொச்சம். கிராபிக்ஸ் கார்டுக்கு மெமரி வேகம்தான் மூச்சு. கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஓடச் சொன்னால் எப்படி ஓடும்?

இந்த விஷயத்தில் எனக்கு வாய் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். ஜிடிஎக்ஸ் 1060 என்று ஒன்று இருந்தது. 6 ஜிபி, 3 ஜிபி என்று இரண்டு. மெமரி மட்டும்தான் குறைவு என்று நினைத்து 3 ஜிபி வாங்கியவர்கள் அநேகம். உள்ளே கோர்களும் குறைவு: 1280க்குப் பதில் 1152. ஆர்டிஎக்ஸ் 3050இலும் இதே கதை. 8 ஜிபி கார்டில் 2560 கோர், 2024இல் அதே எண்ணோடு வந்த 6 ஜிபி கார்டில் 2304, மெமரிப் பாதையும் 128 பிட்டிலிருந்து 96க்குச் சுருங்கியது. 2022 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 4080 என்ற ஒரே பெயரில் 16 ஜிபி, 12 ஜிபி என இரண்டை அறிவித்தது இந்தக் கார்டுகளின் சிப்பைத் தரும் என்விடியா. 9728 கோருக்கும் 7680 கோருக்கும் ஒரே பெயரா என்று உலகமே கத்தியது. அடுத்த மாதமே 12 ஜிபி கார்டை அந்தப் பெயரிலிருந்து இறக்கினார்கள். 2023 ஜனவரியில் அது 4070 டிஐ என்ற பெயரில் வந்தது. ஆக, பெயரை மாற்ற முடியும். காஸ்ட்லி கார்டு வாங்குகிறவர் கத்தினால் மாறுகிறது. மூன்று மாதம் சேர்த்து வாங்குகிறவரின் கார்டு மட்டும் கடைசிவரை ஜிடி 1030 ஆகவே இருக்கிறது.

இப்போது செய்ய வேண்டியது: அந்த விளம்பரப் பக்கம் இருக்கும்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் ஓரத்தையும் படம் எடுங்கள். "சொன்னது ஜிடிடிஆர்5, தந்தது டிடிஆர்4, பணத்தைத் திருப்பித் தாருங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். போனில் பேசி வீணாக்காதீர்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் மெமரி வகையைப் பெயர் சொல்லிக் காட்டும். அந்தத் திரையையும் இணைத்துவிடுங்கள். "பெயர் ஒன்றுதானே" என்று அவர் எழுத்தில் பதில் தந்தால் இன்னும் நல்லது. தெரிந்துதான் விற்றார் என்பதற்கு அதுவே சாட்சி.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, பாதிக்கும் குறைந்த விலை. பழைய விஜிஏ போர்ட்கூட இருக்கிறது, என் பழைய மானிட்டருக்கு வசதி. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தச் சிப்புக்கு நேரடியாக விஜிஏ தரும் வசதியே கிடையாது. பல வருடம் பழைய சிப்பின் பயாஸில் (கார்டுக்குள்ளேயே இருக்கும் தொடக்க மென்பொருளில்) பெயரை மாற்றி எழுதி 1050 டிஐ என்று விற்கும் கூட்டம் ஒன்று உண்டு. ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால், கார்டை உங்கள் கண் முன்னால் ஓடவிட்டு ஜிபியு-இசட்டைத் திறக்கச் சொல்லுங்கள். பெயர் மாற்றிய பல கார்டுகளின் முன்னால் அது 'ஃபேக்' என்றே போட்டுவிடும்.

கேள்வி: கேபினெட் வாங்கினால் 500 வாட் எஸ்.எம்.பி.எஸ் இலவசமாம். என் கம்ப்யூட்டருக்கு 300 வாட்கூட ஆகாது. இலவசமானதே போதும்தானே?

பதில்: நானும் இப்படித்தான் கணக்குப் போட்டேன். என் முதல் கம்ப்யூட்டரில் கேபினெட்டோடு வந்த எஸ்.எம்.பி.எஸ்ஸைக் கையில் எடுத்தபோது உள்ளே ஒன்றுமில்லாத தகர டப்பா மாதிரி இருந்தது. எடையில்லாததைப் பெருமையாக வேறு நினைத்தேன். ஏழாவது மாதம் பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். மதர்போர்டும் ஹார்டு டிஸ்க்கும் அதோடு போயின. அப்புறம்தான் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படித்தேன். முகப்பில் 500 என்று பெரிதாக. ஸ்டிக்கரில் 12 வோல்ட் கட்டத்தில் 18 ஆம்பியர். பெருக்கினால் 216 வாட். இன்றைய கம்ப்யூட்டரில் பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது இந்த 12 வோல்ட்டிலிருந்துதான். மீதி வாட் எல்லாம் பெரிதாக உதவாத மற்ற வோல்ட்டுகளில் எழுதிவைத்த அலங்காரம்.

நீங்களும் ஸ்டிக்கரைப் பாருங்கள். 12 வோல்ட்டின் ஆம்பியரை 12ஆல் பெருக்குங்கள். விடை முகப்பில் போட்ட வாட்டுக்குக் கிட்டத்தட்ட வந்தால் பேசலாம். '80 பிளஸ்' முத்திரை இருந்தால் நல்லதுதான், ஆனால் அது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான முத்திரை. ஷார்ட் ஆனால் தானே அணையுமா என்பதை அது சொல்லாது. அதற்கு யாராவது பிரித்துப் போட்டுச் சோதித்து எழுதிய விமர்சனத்தைத் தேடிப் படிக்க வேண்டும், வேறு வழியில்லை. வாரன்டி எத்தனை வருடம் என்பதும் ஒரு துப்பு. செய்தவருக்கே நம்பிக்கை ஒரு வருடம்தான் என்றால் நமக்கு எதற்கு அதற்கு மேல்?

கேள்வி: டிடிஆர்5 ராம் தள்ளுபடியில் கிடைத்ததால் முதலில் அதை வாங்கிவிட்டேன். பிறகு போர்டு தள்ளுபடியில் வந்தது. ராம் உட்கார மறுக்கிறது. நடுவில் உள்ள வெட்டு கொஞ்சம் தள்ளியிருக்கிறது. அரத்தால் லேசாக ராவினால் பொருந்துமா?

பதில்: அரத்தைக் கீழே வையுங்கள். உங்கள் போர்டு டிடிஆர்4. இரண்டிலும் 288 காண்டாக்ட் இருப்பது உண்மை, வெட்டு மட்டும் வேறு இடத்தில் இருப்பது உங்களைப் போன்றவர்களைத் தடுக்கத்தான். வோல்ட்டேஜ் வேறு, மின்சாரத்தைச் சீராக்கும் ஏற்பாடு இருக்கும் இடமும் வேறு. இன்டெல் 12, 13, 14ஆம் தலைமுறை பிராசஸர்களுக்கான போர்டுகள் இரண்டு வகையிலும் வந்தன. பெயர்க் கடைசியில் டி4 அல்லது டிடிஆர்4 என்று பல போர்டுகளில் அச்சிட்டே இருக்கும். உங்கள் போர்டிலும் இருக்கிறது, நீங்கள் அனுப்பிய படத்திலேயே தெரிகிறது. இரண்டில் ஒன்றைத் திருப்பிக் கொடுங்கள். தள்ளுபடி விற்பனையில் திருப்பி வாங்கமாட்டார்கள் என்று அடுத்த கடிதம் எழுதாதீர்கள்.

கேள்வி: 16 ஜிபி ஒரே ராமாக வாங்கலாமா, 8 ஜிபி இரண்டா? நண்பனின் ராம் 3200 வேகம் என்று வாங்கியது 2133 என்று காட்டுகிறது. போலியா?

பதில்: இரண்டு எட்டு. தரவு ஒரு பாதைக்குப் பதில் இரண்டு பாதையில் ஓடும். கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும் பிராசஸர் என்றால் கட்டாயம் இரண்டு, ஏனென்றால் அதற்குத் தனி மெமரி கிடையாது, ராமைத்தான் கடன் வாங்குகிறது. நாலு ஸ்லாட் போர்டில் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் மாட்ட வேண்டும். போர்டு புத்தகத்தில் சரிபாருங்கள். நண்பனின் ராம் போலியில்லை. கம்ப்யூட்டரின் பயாஸில் (ஆன் செய்ததும் திறக்கக்கூடிய அமைப்புத் திரையில்) எக்ஸ்.எம்.பி என்பதை, அதாவது பெட்டியில் போட்ட வேகத்தில் ராமை ஓடவிடும் அமைப்பை, இயக்கச் சொல்லுங்கள். அதுவரை எந்த ராமும் பத்திரமான வேகத்தில்தான் ஓடும்.

கேள்வி: மகளின் படிப்புக்காக 'ஐ7, 16 ஜிபி' என்று சொல்லி ஒரு முழு செட்டை விற்றார்கள். புதுசு மாதிரியே கேபினெட். இப்போது மகள் பார்த்துவிட்டு ஐ7-2600 என்கிறாள். எனக்கு இதெல்லாம் தெரியாது. நான் ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஏமாற்றப்பட்டீர்கள். ஏமாந்தது என்று சொன்னால் தப்பு உங்களுடையது மாதிரி ஆகிவிடும். 2600 வந்தது 2011இல். புதுக் கேபினெட்டில் பழைய போர்டைப் பூட்டி, 'ஐ7' என்ற குடும்பப் பெயரை மட்டும் சொல்லி விற்றிருக்கிறார்கள். குடும்பப் பெயருக்குப் பின்னால் வரும் எண்தான் ஆளைக் காட்டும். 2022இல் வந்த ஐ3-12100இலும் 4 கோர், 8 த்ரெட்தான், ஆனால் அந்த 'சின்ன' ஐ3 இந்த ஐ7ஐ எங்கேயோ விட்டுவிட்டு ஓடிவிடும். விண்டோஸ் 11 இதை அதிகாரபூர்வமாக ஏற்காது, விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது.

பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'புதியது' என்று ஒரு சொல் இருந்தாலும் பணத்தைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் இதற்கு மேல் ராம் வாங்கிப் போடாதீர்கள், இது டிடிஆர்3, நாளைக்கு வேறு எதற்கும் ஆகாது. ஒரு சாட்டா எஸ்.எஸ்.டி (கேபிளில் மாட்டும் வகை) மட்டும் போடுங்கள், அதைப் புதுக் கம்ப்யூட்டருக்கும் கழற்றிக்கொள்ளலாம். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஏற்றினால் மகளின் பாடங்களுக்கு இன்னும் சில வருடம் ஓடும். கண்டுபிடித்தவள் அவள்தானே, ஏற்றுவதையும் அவளிடமே விடுங்கள்.

கேள்வி: புது எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குப் பழைய எஸ்.எம்.பி.எஸ்ஸின் கழற்றும் கேபிள்கள் அப்படியே பொருந்துகின்றன. பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. எஸ்.எம்.பி.எஸ் பக்கத்து முனையில் எந்தப் பின்னில் எது வரும் என்பதற்குப் பொது விதி கிடையாது. பொருந்தும், புகையும். இரண்டு ஹார்டு டிஸ்க் கொடுத்துக் கற்றது.

கேள்வி: முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, ஆறு வண்ண ஃபேன் உள்ள கேபினெட் பார்த்திருக்கிறேன். வண்ண ஃபேன் போட்டால் வேகம் கூடுமா?

பதில்: அறை வெளிச்சம் கூடும். கண்ணாடி வழியாகக் காற்று எப்படி உள்ளே போகும் என்று விற்கிறவரைக் கேட்டுப் பாருங்கள். நான் கேட்காமல் வாங்கினேன். என் கேபினெட்டின் முன்பக்கக் கண்ணாடி இரண்டு வருடமாகக் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, அதைக் கழற்றிய பிறகுதான் உள்ளே இருப்பவை மூச்சு விடுகின்றன.