பச்சை உடம்புக்கு எந்தத் தைலம்?

கேள்வி: பிரசவம் ஆகி இரண்டு மாதம். முதுகுவலிக்கு ‘100% தூய லாவெண்டர்’ எண்ணெய் என்று ஆன்லைனில் வாங்கி அப்படியே தேய்த்தேன். தோல் சிவந்து எரிகிறது. போலியா?

பதில்: அசலாக இருந்தாலும் எரியலாம். முதலில் கழுவிவிடுங்கள், சிவப்பு அடங்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். லாவெண்டர் போன்ற செறிவான எண்ணெய்களை நேரடியாகத் தேய்க்கவே கூடாது. 30 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு 6 சொட்டு போதும். வாங்குவதற்கு முன் பாட்டிலைத் திருப்பிப் படிக்க ஒரு நிமிடம் ஆகுமா?

‘தூய’ என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். பார்க்க வேண்டியது தாவரப் பெயர்: லாவண்டுலா அங்குஸ்டிஃபோலியா என்று இருக்க வேண்டும். தயாரிப்பாளர் முகவரி, எம்.ஆர்.பி., அளவு எல்லாம் சட்டப்படி கட்டாயம். ‘ஃப்ராக்ரன்ஸ்’ என்றிருந்தால் அது வெறும் வாசனைக் கலவை. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் பாருங்கள். லாவெண்டர் காற்றோடு போயிருக்கும். தேங்காய் எண்ணெய் மாதிரி ஆவியாகாத எண்ணெய் கலந்திருந்தால் கறை நிற்கும். என் மகள் பிறந்த சமயம் கண்காட்சியில் 650 ரூபாய் கொடுத்து ஒன்று வாங்கினேன். இரண்டு நாள் கழித்தும் அந்தத் தாள் அப்பளம் வைத்த காகிதம் மாதிரி ஊறிக் கிடந்தது. பாட்டிலில் முகவரியே இல்லை, யாரிடம் போய்க் கேட்பது?

அப்புறம், கற்பூரமோ யூகலிப்டஸோ கலந்ததைக் கைக்குழந்தை பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

கேள்வி: சிசேரியனுக்கு முதுகில் போட்ட ஊசியால்தான் வலியாம். அதை எடுக்கும் தைலம் 1,800 ரூபாய் என்கிறார்கள்.

பதில்: வாங்காதீர்கள். ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம். மாதக்கணக்கில் வலிப்பதற்கு அது காரணமில்லை. கர்ப்பத்தில் தளர்ந்த தசைநாரும், பலமிழந்த வயிற்றுத் தசையும், குனிந்து பால் கொடுப்பதும்தான் காரணம். முதுகுக்கு ஒன்று, மடிக்கு ஒன்று என்று தலையணை வைத்துக் குழந்தையை மார்புக்கு உயர்த்துங்கள். இதமான மசாஜ் தசையைத் தளர்த்தும். அதற்கு வீட்டு நல்லெண்ணெய் போதும், தையல் ஆறியதா என்று மருத்துவரைக் கேட்டுவிட்டு.

கேள்வி: ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிக்கிறது. எந்த எண்ணெய் தேய்க்கலாம்?

பதில்: எதையும் தேய்க்காதீர்கள். இரத்தம் உறைந்திருக்கலாம், இன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: 14 நாள் பிரசவ மசாஜுக்கு 14,000 ரூபாய் முன்பணம் வாங்கினார்கள். ஐந்து நாள்தான் ஆள் வந்தார். இப்போது போனை எடுப்பதில்லை.

பதில்: பிள்ளை பெற்றவளிடமா இப்படி? உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை, அம்மா. ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். மீதி 9,000 ரூபாயை 15 நாளில் திருப்பித் தரச் சொல்லி ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகாரும் பதியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போனால் போதும். குழந்தை கொஞ்சம் தூங்க ஆரம்பித்ததும் எழுதுங்கள்.