எழுத்தில்லாத வில்லை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பழைய நாணயங்கள் ஒரு பை மொத்தமாக வாங்கினேன். அதில் எழுத்தோ உருவமோ இல்லாத வெள்ளை வில்லை ஒன்று கிடந்தது. அச்சடிக்காமலே நாணயச்சாலையிலிருந்து வெளியே வந்துவிட்டது என்றார் விற்றவர். நிறுத்துப் பார்த்தேன், 4.97 கிராம். குறுக்களவு 21 மி.மீ. காந்தம் ஒட்டவில்லை. இது நாணய வில்லைதானா? பதக்க வில்லைகளையும் இப்படிக் கண்டுபிடிக்க முடியுமா? ஒன்றுமே பொறிக்காததைச் சேர்த்து வைப்பதில் என்ன இருக்கிறது என்று நண்பர் கேட்கிறார், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ர.

அன்புள்ள ர.,

எடையும் அளவும் சேர்த்து எழுதியது நல்லதாயிற்று. வெறும் படத்தை வைத்து இந்த விஷயத்தில் எதுவும் சொல்ல முடியாது.

ஆனால் விளிம்பைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, நான் முதலில் பார்ப்பது அதைத்தான். தகட்டிலிருந்து வெட்டி எடுத்ததும் வில்லை தட்டையாக இருக்கும், ஓரம் கொஞ்சம் கூராகக்கூட இருக்கும். அப்புறம் அதைச் சூளையில் காய்ச்சி மென்மையாக்கி, கழுவி, ஒரு எந்திரத்தில் உருட்டி நெருக்குவார்கள். அப்போதுதான் சுற்றிலும் வரப்பு கட்டியதுபோல ஓரம் எழும்பும். முன்னதை பிளாங்க் என்றும் வரப்பு எழும்பியதை பிளாஞ்செட் என்றும் சேகரிப்பவர்கள் பிரித்துச் சொல்கிறோம். பிளாஞ்செட் முடிந்த நாணயத்தைவிட மயிரிழை சிறியதாக இருக்கும், ஏனென்றால் அது காலர் என்கிற வளையத்துக்குள் இறங்க வேண்டும். அச்சு மேலும் கீழுமாக அழுத்தும்போது உலோகம் விரிந்து அந்த வளையத்தை நிரப்புகிறது. நாணய விளிம்பில் பல் பல்லாக வரி, அதாவது பல்வரி, விழுவதும் அந்த வளையத்தால்தான். ஆகவே முகம் இரண்டும் மொட்டையாக இருந்து விளிம்பில் மட்டும் பல்வரி தெரிந்தால், அது அநேகமாக யாரோ தேய்த்தெடுத்த நாணயம். (விளிம்பு எழுத்து வேறு கதை, சில நாணயங்களுக்கு அதை அடிப்பதற்கு முன்பே உருட்டிவிடுவார்கள்.)

சேர்க்கத் தொடங்கிய காலத்தில் நானும் ஒன்றை நம்பி வாங்கி, இரண்டு வருடம் பத்திரமாக வைத்திருந்தேன். ஒருநாள் லென்ஸில் பார்த்தால் ஓரத்தில் ஒரே ஓர் இடத்தில் சின்னப் பிசிறு, சுற்றிலும் வேறெங்கும் இல்லை. மின்சாரப் பெட்டியில் கம்பி நுழைப்பதற்காகத் தட்டி எடுப்பார்களே, அந்த வட்டத் தகடு. பிசிறு இருந்தது பெட்டியோடு ஒட்டியிருந்த இடம். காந்தத்தைக் காட்டியதும் கவ்விக்கொண்டது. அன்றைக்கு எனக்கு ரொம்ப வருத்தம். அதிலிருந்து எந்த வில்லையையும் அது எந்த நாணயத்துக்கானது என்று பொருத்திப் பார்க்காமல் ஏற்றுக்கொள்வதில்லை.

உங்களுடையதைப் பொருத்திப் பார்த்தால் அமெரிக்க 5 சென்ட் கிட்டத்தில் வருகிறது. அதன் எடை 5 கிராம், குறுக்களவு 21.21 மி.மீ., 75 சதவீதம் செம்பு, 25 சதவீதம் நிக்கல். நிக்கல் இருந்தும் அந்தக் கலவை காந்தத்தில் ஒட்டாது. 0.03 கிராம் குறைவதைப் பற்றிக் கவலை வேண்டாம், அந்த அளவு ஏற்ற இறக்கம் சகஜம். சரி, இன்னொரு சோதனையும் செய்துவிடுங்கள். வில்லையை நூலில் கட்டித் தண்ணீருக்குள் அடியில் படாமல் தொங்கவிட்டு நிறுங்கள். எடை சுமார் 0.56 கிராம் குறைந்தால் அடர்த்தி தண்ணீரைப்போல் சுமார் 8.9 மடங்கு என்று அர்த்தம், செம்பு நிக்கல் கலவைக்கு அதுதான் கணக்கு. துத்தநாகம் 7.1, வெள்ளி 10.5, அலுமினியம் 2.7 என்பதால் இவை அங்கேயே கழிந்துவிடும். அப்போதும் 'ஒத்துப்போகிறது' என்றுதான் சொல்வேன், 'அதுதான்' என்று சொல்ல மாட்டேன். ஒரே கலவையில் கிட்டத்தட்ட ஒரே அளவில் பல நாடுகள் நாணயம் அடித்திருக்கின்றன.

ஆண்டையும் தேடாதீர்கள், ஆண்டு அச்சில்தான் இருக்கிறது, வில்லையில் இல்லை. உலோகம் மாறிய இடத்தில் மட்டும் ஒரு பிடி கிடைக்கும்: அமெரிக்க ஒரு சென்ட் 1982 வரை 3.11 கிராம் செம்புக் கலவை, அதே ஆண்டில்தான் செம்பு பூசிய 2.5 கிராம் துத்தநாகத்துக்கு மாறியது. அதனால் 3.11 கிராம் வில்லை என்றால் அதற்குப் பிந்தியதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

பதக்க வில்லை கடினம். நாணயத்துக்குச் சட்டப்படி எடை உண்டு, பதக்கத்துக்குப் பெரும்பாலும் அடித்தவர் வைத்ததுதான் எடை. உருவம் மேடாக எழ வேண்டியிருந்தால் ஒரே வில்லையைக் காய்ச்சிக் காய்ச்சிப் பலமுறை அடிப்பார்கள், அதற்காகத் தடிமனாகவே எடுப்பார்கள், பல சமயம் வரப்பும் இருக்காது. எங்கிருந்து வந்தது என்பதற்குக் காகிதம் இல்லாவிட்டால் நான் வாங்க மாட்டேன்.

உங்கள் நண்பரிடம் ஒரு லென்ஸையும் வில்லையையும் கொடுங்கள். முகத்தில் பொடிப்பொடியாகக் கீறலும் குழியும் தெரியும், ஆயிரக்கணக்கான வில்லைகளோடு உருண்டு மோதியபோது பட்டவை. முழு அடி விழுந்த நாணயத்தில் அவை நசுங்கி மறைந்துவிடும். நாம் கையில் பிடிக்கிற ஒவ்வொரு நாணயமும் அதற்கு முந்தின நிமிடம் வரை எப்படி இருந்தது என்பதை வேறெங்கே பார்க்க முடியும்? எனக்கு அது போதும்.

தயவுசெய்து பாலிஷ் போட்டுவிடாதீர்கள், அந்தக் கீறல்கள்தான் சாட்சி. பிவிசி என்கிற பிளாஸ்டிக் உறையிலும் வைக்காதீர்கள், பச்சையாகப் பிசுபிசுப்பு ஏறிவிடும். விளிம்பைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்து, வரப்பு முழுச் சுற்றும் எழும்பியிருக்கிறதா, ஏதாவது ஒரு பக்கம் அமுங்கியிருக்கிறதா என்று எழுதுங்கள்.

அன்புடன்.