டெல்லியில் எங்கே வீடு பார்ப்பது? பள்ளி, விலை, அக்கம்பக்கம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

டெல்லிக்கு மாற்றலாகி வருகிறவர்கள் என்னிடம் எடுத்த எடுப்பில் வாடகையைப் பற்றித்தான் கேட்பார்கள். பிள்ளை என்ன வகுப்பு என்று நான் திருப்பிக் கேட்பேன். இந்த ஊரில் அது தெரிந்தால்தான் மற்றது எதையும் சொல்ல முடியும்.

கோவையிலிருந்து ஏப்ரலில் டெல்லி வருகிறோம். கணவருக்கு பிகாஜி காமா பிளேஸ் பக்கம் அலுவலகம். மகனுக்கு மார்ச்சில் 3 வயது முடிகிறது. எந்த ஏரியா நல்லது?

முதலில் தேதியைப் பார்ப்போம். டெல்லி தனியார் பள்ளிகளில் நர்சரி விண்ணப்பம் பொதுவாக நவம்பர் கடைசியிலோ டிசம்பரிலோ தொடங்கி, ஜனவரியில் முதல் பட்டியல் வந்துவிடும். ஏப்ரலில் வந்து இறங்கினால் கதவு சாத்தியிருக்கும். அடுத்த வருடம் எல்கேஜியில் பார்த்துக்கொள்ளலாம் என்றால், யாராவது விலகினால்தான் அங்கே இடம். முடிந்தால் கணவர் மட்டும் முன்கூட்டியே வந்து, அக்டோபருக்குள் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துவிடட்டும்.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், இங்கே சேர்க்கை புள்ளிக் கணக்கில் நடக்கிறது. அண்ணனோ அக்காவோ அதே பள்ளியில் படித்தால் புள்ளி உண்டு, பெற்றோர் அங்கே படித்திருந்தாலும் உண்டு. ஆனால் பெரும்பாலான பள்ளிகளில் அதிகப் புள்ளி வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரத்துக்குத்தான். புதிதாக வரும் தமிழ்க் குடும்பத்தின் கையில் இருப்பது அது ஒன்றுதான். அதற்கு முகவரிச் சான்று வேண்டும். வெறும் வாடகை ஒப்பந்தத்தைப் பல பள்ளிகள் ஏற்பதில்லை. வீடு கிடைத்த வாரமே ஆதாரில் முகவரியை மாற்றிவிடுங்கள். வாக்காளர் அட்டையும் மாற்றினால் இன்னும் நல்லது.

இனி ஏரியா. முனிர்காவில் டெல்லி வளர்ச்சி ஆணையம் (டிடிஏ) கட்டிய ஃபிளாட்டுகள் அலுவலகத்துக்குப் பக்கம், மலை மந்திர் முருகன் கோயிலும் தமிழ்ச் சங்கமும் இருக்கிற ஆர்.கே.புரமும் பக்கம். ஆனால் வாடகை கடிக்கும். நான் மயூர் விஹார் ஃபேஸ் 1-ஐச் சொல்வேன். அங்கிருந்து மெட்ரோவின் பிங்க் லைனில் ஏறினால் வண்டி மாறாமல் பிகாஜி காமா பிளேஸில் இறங்கலாம். நடக்கிற தூரத்தில் தனியார் பள்ளிகள் நெருக்கமாக இருப்பதால் தூரப் புள்ளியை ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகளில் வாங்க முடியும். ஒரு பள்ளியை மட்டும் நம்பி வீடு எடுக்காதீர்கள்.

நொய்டாவில் மூன்று படுக்கையறை வீடு கிடைக்கும் பணத்துக்கு மயூர் விஹாரில் இரண்டுதான் வருகிறது. மகள் எட்டாம் வகுப்பு. நொய்டாவுக்கே போய்விடலாமா?

வீடு நொய்டாவில் இருக்கலாம். பள்ளி டெல்லியிலேயே இருக்கட்டும்.

புரோக்கர்கள் இந்த விஷயத்தைச் சொல்லவே மாட்டார்கள். டெல்லி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், நேதாஜி சுபாஷ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், இந்திரப்பிரஸ்தா பல்கலைக்கழகம் மூன்றிலும் 85 சதவீத இடங்கள் டெல்லிப் பிள்ளைகளுக்கு. டெல்லிப் பிள்ளை யார் என்பதற்கு வீட்டு முகவரியைப் பார்ப்பதில்லை, பன்னிரண்டாம் வகுப்பை எந்த ஊர்ப் பள்ளியில் முடித்தார் என்பதைத்தான் பார்க்கிறார்கள். மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரி போன்றவற்றின் டெல்லி ஒதுக்கீட்டுக்குப் பதினொன்று, பன்னிரண்டு இரண்டையுமே டெல்லியில் படித்திருக்க வேண்டும். மெட்ரோவில் நியூ அசோக் நகருக்கு அடுத்த நிறுத்தம் நொய்டா செக்டர் 15. அந்த ஒரு நிறுத்தத்தைத் தாண்டிப் பள்ளியை மாற்றினால் உங்கள் மகள் உத்தரப் பிரதேசக் கணக்கில் போய்விடுவாள். டெல்லி பல்கலைக்கழகம் இதற்கு விதிவிலக்கு. அது மத்தியப் பல்கலைக்கழகம், நாடு முழுவதற்கும் ஒரே நுழைவுத் தேர்வு.

இன்னொன்று, சிபிஎஸ்இ ஒன்பதாம் வகுப்பிலேயே பிள்ளையின் பெயரைப் பதிவு செய்துவிடும். அப்புறம் பத்தாம் வகுப்பில் பள்ளி மாற்ற வாரியத்தின் அனுமதி வேண்டும். மாற்றுவதாக இருந்தால் ஒன்பதில் சேரும்போது மாற்றுங்கள், இல்லையென்றால் பதினொன்றில்.

வீட்டைப் பொறுத்தவரை, நொய்டாவில் நிலம் அங்குள்ள அரசு வளர்ச்சி ஆணையத்தின் நீண்ட காலக் குத்தகை. பில்டர் ஆணையத்துக்குக் கட்ட வேண்டிய பாக்கியைக் கட்டாததால், ஆட்கள் குடியேறிய பிறகும் பதிவு நடக்காத அடுக்குமாடிகள் அங்கே நிறைய உண்டு. பதிவான பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். டெல்லியிலேயே வாங்க முடிவு செய்தால் உங்கள் பெயரில் வாங்குங்கள். ஆண் பெயரில் பதிவதைவிடப் பெண் பெயரில் முத்திரைக் கட்டணம் 2 சதவீதம் குறைவு.

மயூர் விஹார் ஃபேஸ் 3 ஏன் இவ்வளவு மலிவு?

நேரடி மெட்ரோ கிடையாது, ஃபிளாட்டுகள் சிறியவை, காஜிப்பூர் குப்பை மலை பக்கத்தில் இருக்கிறது. 1984-லிருந்து குப்பை கொட்டும் இடம் அது, வெயில் காலத்தில் தீப்பிடித்துப் புகையும். வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தையோ பெரியவரோ இருந்தால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்தக் கவலை இல்லையென்றால் நல்ல இடம். மலையாளிகளும் தமிழர்களும் நிறைய.

பக்கத்தில் அதைவிட மலிவாக, பவர் பத்திரத்தில் மட்டும் கைமாறும் காலனி வீடுகளைக் காட்டுவார்கள். பவர் பத்திரத்தால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. அங்கே வாடகைக்கு இருங்கள், வாங்க வேண்டாம்.

டிடிஇஏ (டெல்லி தமிழ்க் கல்விக் கழகம்) பள்ளியில் சேர்த்தால் பிள்ளை பின்தங்கிவிடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

இல்லை. மந்திர் மார்க், லோதி எஸ்டேட், லட்சுமிபாய் நகர், மோதி பாக், ராமகிருஷ்ணபுரம், பூசா சாலை, ஜனக்புரி என்று ஏழு இடங்களில் இந்தப் பள்ளிகள் இருக்கின்றன. எல்லாமே சிபிஎஸ்இ பாடத்திட்டம்தான், அரசு உதவி பெறுவதால் கட்டணமும் தாங்கும். பெரிய தனியார் பள்ளியின் நீச்சல் குளம் இருக்காது. தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை வெளியே வரும், எனக்கு அது பெரிய விஷயம். ஏழும் ஒரே தரத்தில் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். சேர்க்கிற கிளைக்கு நேரில் போய்க் கணித, அறிவியல் ஆசிரியர் இடங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்று கேளுங்கள். ஜனக்புரி பக்கம் வேலை என்றால் அங்கேயே வீடு பார்ப்பது மிகவும் வசதி.

வீட்டுக்காரர்கள் "மதராசியா, சைவம்தானே?" என்று கேட்கிறார்கள். நாங்கள் மீன் சாப்பிடுகிறவர்கள். பொய் சொல்லலாமா? தமிழர்கள் மட்டும் இருக்கிற சொசைட்டி நல்லதா?

பொய் வேண்டாம். ஒளித்து ஒளித்துச் சமைத்துக்கொண்டு ஒரு வீட்டில் பிள்ளை வளர்க்க முடியாது. இந்தக் கேள்விக்குப் பின்னால் சில நேரம் சாதியும் மதமும் ஒளிந்திருக்கும். தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கும் தலித் குடும்பங்களுக்கும் பெயரைக் கேட்டதுமே "வீடு போய்விட்டது" என்று பதில் வருவதைப் பார்த்திருக்கிறேன், மனது கொதிக்கும். அதைச் செய்கிறவர்களில் நம் ஊர்க்காரர்களும் உண்டு என்பதால் "தமிழர் சொசைட்டி" என்பது எல்லாத் தமிழருக்கும் பாதுகாப்பான இடமில்லை.

என் கருத்து, கலந்து வாழும் இடம்தான் நல்லது. மத்திய அரசு ஊழியர்களும் ஓய்வு பெற்றவர்களுமாகப் பல மாநிலத்தவர் சேர்ந்து கட்டிய கூட்டுறவு சொசைட்டிகள் மயூர் விஹாரிலும் பட்பர்கஞ்சிலும் துவாரகாவிலும் இருக்கின்றன. வங்காளிகளும் மலையாளிகளும் இருக்கிற படிக்கட்டில் மீன் வாசனை யாருக்கும் பிரச்சினை இல்லை. வீடு பார்க்கப் போகும்போது மாலை ஆறு மணிக்குப் போங்கள். கீழே விளையாடும் பிள்ளைகள் எத்தனை மொழியில் சண்டை போடுகிறார்கள் என்று கொஞ்ச நேரம் நின்று கேளுங்கள்.

ஜங்புராவில் தமிழர்கள் வாழ்ந்த மதராசி கேம்ப் குடிசைப் பகுதி இடிக்கப்பட்ட பிறகு, டெல்லியின் வடகோடியில் உள்ள நரேலாவில் வீடு கொடுத்தார்கள். நான் வீட்டு வேலை செய்கிறேன். மூத்தவள் பத்தாம் வகுப்பு, லோதி எஸ்டேட் பள்ளி. அடுத்தவன் ஆறு, கடைசிப் பிள்ளைக்கு நான்கு வயது. என்ன செய்வது?

2025 ஜூனில் உங்களுக்கு நடந்தது, மற்றவர்கள் இங்கே கேட்கிற எல்லாவற்றுக்கும் நேர் எதிர். இடத்தை நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை.

மூத்தவளை இந்த வருடம் மாற்ற வேண்டாம். பொதுத்தேர்வு வரை பள்ளிக்குப் பக்கத்தில் உறவினர் வீட்டில் தங்க வைக்க முடியுமா பாருங்கள். தினமும் நரேலாவிலிருந்து போய் வந்தால் படிக்க நேரமே மிஞ்சாது.

ஆறாம் வகுப்புப் பையனை நரேலா அரசுப் பள்ளியில் சேர்க்கலாம். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் எட்டாம் வகுப்பு வரை சேர்க்கையை மறுக்கக் கூடாது, கல்வி உரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. தமிழ் விட்டுப்போகும், அது இழப்புதான். சனி, ஞாயிறில் அக்கா சொல்லிக்கொடுக்கட்டும்.

சின்னப் பிள்ளைக்குத் தனியார் பள்ளிகளின் 25 சதவீத இலவச இடத்துக்கு விண்ணப்பியுங்கள். கல்வி இயக்குநரகம் இணையத்தில் குலுக்கல் நடத்தும். அங்கேயும் வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரத்தைத்தான் பார்ப்பார்கள், அதனால் ஆதாரில் நரேலா முகவரி ஏறியிருக்க வேண்டும். வருமானச் சான்றிதழும் தேவை. இரண்டையும் விண்ணப்பம் திறப்பதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். பெயர் வந்த பிறகும் பள்ளி இழுத்தடித்தால் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் புகாரை எழுத்தில் கொடுத்து, முத்திரை வைத்த நகலைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.